மாலை போட்ட படம்

ஒரு படத்துக்கு மூன்று பேர் உரிமை கேட்ட கதை இது. மூன்று பேரிடமும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

குன்னூரில் ரஞ்சிதம் என்று ஒருத்தி. ஏலம் என்றால் அவளுக்கு உயிர். பழைய பங்களாக்களில் பெரியவர்கள் கண்ணை மூடியதும் பிள்ளைகள் சாமான்களை ஏலம் விடுவார்கள். அங்கே முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவள் வீட்டுக் கூடத்தில் மயில் நீலச் சுவர் தெரியாத அளவுக்குப் பீங்கான் தட்டுகள், மான்கொம்புகள், ஆளுக்கொரு மணி காட்டும் கடிகாரங்கள். தரையில் கம்பளத்தின்மேல் கம்பளம். தலைக்கு மேலே வரிசையாகச் சரவிளக்குகள். பார்க்கிறவர்களுக்கு அது திருவிழாக் கடை. அவளுக்கு அதுதான் நிறைவு.

“செத்தவங்க வீட்டுச் சாமானா வாங்கி அடுக்கறே. ஒருநாள் எல்லாரும் சேர்ந்து வந்து காபி கேக்கப் போறாங்க,” என்பார் கணவர் சிவராமன்.

“வரட்டுமே, கப்புக்கா பஞ்சம்?” என்பாள் ரஞ்சிதம்.

அப்படி ஓர் ஏலத்தில் தேக்கு அலமாரி ஒன்றை எடுத்தாள். உள்ளே இருப்பதோடு சேர்த்தே அலமாரியை விற்பது அங்கே வழக்கம். வீட்டுக்கு வந்து திறந்தால், பழைய சேலையில் சுற்றி வைத்த ஒரு படம். இளவயதுப் பெண். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே காய்ந்த சந்தனமும் குங்குமமும். சட்டத்தில் சருகாகிப்போன பூச்சரம். யாரோ இறந்துபோனவள் என்று புரிந்தது. ஆனாலும் சட்டத்தின் வேலைப்பாடு மனதை இழுத்தது. பொட்டைத் துடைத்து, பூச்சரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு, கூடத்து நடுச்சுவரில் மாட்டினாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. காலைதோறும் படத்தின் கண்களுக்குக் கீழே ஈரம் இறங்கியிருந்தது. பனி என்றார் சிவராமன். பனியென்றால் பக்கத்துப் படங்களில் ஏன் இல்லை? சாவி கொடுக்காத கடிகாரம் அடித்தது. எங்கே உட்கார்ந்தாலும் முதுகில் ஒரு பார்வை விழுந்தது. ஆளில்லாத நாற்காலியைத் தொட்டால், இப்போதுதான் யாரோ எழுந்துபோனது போலச் சூடு. ரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நடந்துவந்த மரியாதையைத் தான் நிறுத்திவிட்டதால்தான் இந்தத் தொந்தரவு என்று அவளுக்குப் பட்டது. மறுபடி பொட்டு வைத்து, மாலை போட்டு, அகல் ஏற்றினாள். அமாவாசைக்கு இலை போட்டுப் படைத்தாள். ஈரம் நின்றது. கடிகாரம் அடங்கியது. வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

பிறகு, வீட்டு அலங்காரத்துக்கென்றே வரும் ஒரு பத்திரிகையில் அந்தக் கூடத்தின் புகைப்படம் வெளியானது.

ஒரு மத்தியானம், மூடுபனி வாசலை மறைத்திருந்த நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்த ரஞ்சிதம் இரண்டடி பின்வாங்கினாள். படத்தில் இருப்பவள் நின்றாள். தலை மட்டும் நரைத்திருந்தது.

“பயப்படாதேம்மா. நான் சாகல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பெயர் பங்கஜவல்லி என்றாள். உள்ளே வந்து, மாலைக்கு நடுவே தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அமாவாசைக்கு அமாவாசை எனக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். வருஷக்கணக்கா இப்படித்தான். டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. பத்திரிகையில இந்தப் படத்தைப் பார்த்தப்புறம்ல புரியுது! உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டு விளக்கேத்தறீங்களே, அடுக்குமா? படத்தைக் குடும்மா.”

ரஞ்சிதம் பதறிப்போய் ஏலக்காரருக்கு போன் செய்தாள். அவர் சொல்லி, சாமான்களை விற்ற கிரிதரன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடி வந்தான். அவன் பங்கஜவல்லியின் மகன். கூடத்துக்குள் நுழைந்தவன் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கிட்டே போகவில்லை. ரஞ்சிதத்திடம்தான் பேசினான்.

“சின்ன வயசுலயே அம்மா செத்துட்டாங்கன்னு அப்பா சொல்லிட்டாருங்க. அன்னைலேர்ந்து இந்தப் படம்தான் எனக்கு அம்மா. பரீட்சைக்குப் போனாலும் இதுகிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன். அப்பா போனப்புறம், உடைஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் சேலையில சுத்தி அலமாரில வெச்சேன். ஆளுங்க அலமாரியோட தூக்கிட்டாங்க. எனக்கு இது வேணும்.”

பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான். “உசுரோட இருந்துட்டு ஏன் வரல?”

“வந்தேன்ப்பா. என்னைத் துரத்தின உங்கப்பா கேட்டைத் திறக்கல. ‘பையன் அழுது முடிச்சிட்டான், மறுபடி அழ வைக்காதே’ன்னார். திரும்பிட்டேன்.”

ரஞ்சிதம் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். “முறையா ஏலத்துல எடுத்தது நானுங்க. இதைக் கழட்டினா இந்த வீட்டுல மறுபடி என்ன கிளம்புமோ! உங்க ரெண்டு பேருக்கும் என்ன, போயிடுவீங்க. இங்க படுத்து எழுந்திருக்கிறவ நான்.”

ஏலத்தில் எடுத்தவள் ஒருத்தி. அம்மா என்று கும்பிட்டு வளர்ந்தவன் ஒருவன். அந்த முகத்துக்கே சொந்தக்காரி ஒருத்தி. படம் யாருக்குச் சேர வேண்டும்? உங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: பங்கஜவல்லிக்கு. ரஞ்சிதம் விளக்கேற்றி வணங்கியதும் கிரிதரன் கும்பிட்டதும் இறந்துபோன ஒருத்தியை. அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. இல்லாதவள் பெயரைச் சொல்லி இருப்பவளின் முகத்தை யாரும் சுவரில் மாட்டி வைக்க முடியாது. ரஞ்சிதம் பயப்படவும் வேண்டாம். அந்தக் கூடத்தில் அலைந்தது எதுவானாலும், தன்னுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாசல் வழியாகவே போகப்போகிறது. கிரிதரனுக்குப் படம் எதற்கு? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அம்மா எதிரே நிற்கிறாள். அவன் இன்னும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.