தோளில் வந்து தங்கிய வலி

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், ஊசி குத்திய இடத்தில் ஒரு வலி பிறந்தது. பிறந்த வீடு சென்னியப்பன் என்பவருடைய இடது தோள். பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர்.

போட்டது இன்னும் சோதனையில் இருக்கிற தடுப்பூசி. கோழியிடமிருந்தோ பன்றியிடமிருந்தோ ஒரு புதுக் காய்ச்சல் கிளம்பி, உலகத்தையே படுக்கையில் தள்ளிவிடலாம் என்று டாக்டர்களுக்குப் பயம். அது வந்த பிறகு அலைவதைவிட இப்போதே மருந்தைச் சோதித்து வைக்கலாம் என்று இறங்கியிருந்தார்கள். இளவட்டங்களிடம் சோதித்தாயிற்று. ஆனால் அப்படிப்பட்ட காய்ச்சல் அதிகம் வாட்டுவது வயசானவர்களை. வயசான உடம்போ தன் இஷ்டத்துக்கு நடக்கும். அதனால் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, மனசோடு சம்மதித்த முதியவர்களுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். முதல் கூட்டத்துக்குச் சின்ன அளவு. அவர்களுக்கு என்ன செய்கிறது என்று விசாரித்த பிறகுதான் அடுத்த கூட்டத்துக்கு அளவை ஏற்றுவதா வேண்டாமா என்ற பேச்சு.

வலிக்குத் தன் வேலை தெரியும். இன்ன இடம், இவ்வளவு கனம் என்று சொல்லவைத்துவிட்டு மறைந்துபோக வேண்டும். அதற்கு ஆயுசே இரண்டு மூன்று நாள்தான். ஆகவே அது மும்முரமாக இறங்கியது. மறுநாள் சென்னியப்பனால் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. துணைக்கு வந்த காய்ச்சல் அவரைப் பட்டப்பகலில் போர்வைக்குள் சுருட்டிப் போட்டது.

அந்த நேரம் பார்த்து, ஊசி போட்ட நர்ஸ் ஷர்மிளா போன் செய்தாள்.

"ஐயா, கை வலி ஏதாச்சும் இருக்குதுங்களா? காய்ச்சல் அடிக்குதுங்களா?"

வலிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இதோ, நம் பெயர் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங் அம்மிணி. ஜம்முனு இருக்கறனுங்," என்றார் சென்னியப்பன், பல் கிட்டிக்க.

வலி திகைத்துப் போனது. சொன்னது யாரென்று பார்த்தால், நாக்கு நுனியில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது மரியாதை. பழைய ஆள். கல்யாண வீட்டில் உப்பே இல்லாத சாம்பாரை "அருமைங்க" என்று சொல்லவைத்தது அதுதான். மருமகன் ஓட்டிய வண்டியில் இடுப்பு கழன்றபோதும் "சொகமா வந்தமுங்க" என்று சொல்லவைத்தது.

"என்னப்பா இது அநியாயம்?" என்று வலி கத்தியது. "நான் இங்கே குத்திக் குடைஞ்சிட்டிருக்கேன், நீ என்னடான்னா ஜம்முங்கறே!"

"சும்மா இரு," என்றது மரியாதை. "அந்தப் புள்ளை எவ்வளவு பதனமா ஊசி போட்டுது? அதுகிட்டயே வலிக்குதுன்னு சொல்றதா? பெரிய டாக்டரு அந்தப் புள்ளையத்தானே வைவாரு?"

"அவள் ஊசி போட்ட லட்சணத்தையா கேட்டாள்? மருந்து என்ன பண்ணுதுன்னு கேட்டாள்."

"கேக்கறவங்க கேப்பாங்க. நல்லா இருக்கோம்னு சொல்றதுதான் நமக்கு அழகு."

வலிக்கு அழுகையே வந்துவிட்டது. மரியாதை அதோடு நின்றதா? சாயந்திரம் சென்னியப்பனின் அக்கா நாச்சாத்தாள் பயத்தோடு விசாரித்தபோதும் முந்திக்கொண்டது. அவள் தும்மினாலே இரண்டு நாள் படுக்கிற மெலிந்த உடம்புக்காரி. "எறும்பு கடிச்சாப்ல இருக்குதுக்கா, அவ்வளவுதான்," என்றார் தம்பி. தம்பி சொன்னால் அக்காவுக்கு மறுபேச்சு கிடையாது. அடுத்த கூட்டத்தில் தானும் சேருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்கே சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் ஷர்மிளா ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோர் நாக்கிலும் மரியாதையின் உறவுக்காரர்கள் குடியிருந்தார்கள். கையைத் தூக்க முடியாதவர்கள்கூட, "நல்லா இருக்கறமுங்க" என்றே சொன்னார்கள்.

சென்னியப்பனின் முறை வந்தது. வலி அதற்குள் இளைத்துத் துரும்பாகிவிட்டது. மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு இடி இடித்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"பரவாயில்லீங்க ஐயா," என்றாள் ஷர்மிளா. "ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. அப்படின்னா அடுத்த கூட்டத்துக்கு அளவை ரெண்டு மடங்கா ஏத்தலாம்னு சாயந்திரம் முடிவு பண்ணிருவாங்க. உங்க அக்காளும் அதுலதானுங்களே வர்றாங்க?"

சென்னியப்பனின் சிரிப்பு நின்றது. சின்ன அளவே தன்னைப் போர்வைக்குள் சுருட்டியது. இரண்டு மடங்கு அக்காவை என்ன பாடு படுத்தும்? என்ன சொல்வது என்று நாக்கைக் கேட்டார். மரியாதைக்கு இப்படியொரு இக்கட்டு வந்ததே இல்லை. இந்தப் பக்கம் நர்ஸுப் பிள்ளை, அந்தப் பக்கம் கூடப்பிறந்தவள். அது எழுந்து வழிவிட்டது.

"அம்மிணி, நான் பொய் சொல்லிப்போட்டனுங்," என்றார் சென்னியப்பன். "சட்டை போடக் கை எந்திரிக்கல. ஒரு நாள் பூராக் காச்சல். உன்னைய வைவாங்களோன்னுதான் சொல்லாம இருந்தனுங்."

ஷர்மிளா கோபிக்கவில்லை. "என்னைய யாருங்க ஐயா வையப்போறாங்க? வலிச்சா மருந்து கெட்டதுன்னு அர்த்தமில்லீங்க. எவ்வளவு வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தானே உங்க வயசுக்காரங்களுக்கு எவ்வளவு போடலாம்னு தெரியும்?"

பக்கத்து நாற்காலியிலிருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா தொண்டையைச் செருமினார். "எனக்குந்தானுங்க. ரெண்டு நாளா தலையே வாரல." அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் ஒருவர். ஷர்மிளாவுக்குக் கேட்டு முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

அன்று சாயந்திரம் அளவை ஏற்ற வேண்டாம், அடுத்த கூட்டத்துக்கும் இதே சின்ன அளவு போதும் என்று முடிவானது.

தோளில் வலி கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. மரியாதை கொஞ்சம் வெட்கத்தோடு எட்டிப் பார்த்தது.

"இவ்வளவு மல்லுக்கட்டினியே, உனக்கு என்ன கிடைச்சுது? சொன்னாலும் சொல்லாட்டியும் நீ சாகப்போற ஆளுதானே?"

"நான் போனால் போறேன்," என்றது வலி. "என்னைவிட ரெண்டு மடங்கு பெரிசா ஒண்ணு அந்த அக்கா தோளில் பிறக்க இருந்தது. அது இனிப் பிறக்காது."