மயில்துத்தக் குலையும் டிமிக்கியின் வயிறும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது கடைசிக் குலையில் தொங்குகிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஒரு திராட்சைத் தோட்டத்தில் டிமிக்கி என்றொரு பழ ஈ இருந்தது. எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடும். மருந்தடிக்கும் மோட்டார்போல 'டுர்ர்' என்னும். மற்ற ஈக்கள் பறந்தோட, பழத்தைத் தனியாகத் தின்னும்.

அறுவடை முடிந்து ஒரே ஒரு குலை மிஞ்சியது. பூஞ்சைக்கு அடித்த மயில்துத்தம் அதன்மேல் நீலநீலமாய்ப் படிந்திருந்தது. துத்தத்தில் இருக்கும் செம்பு ஈக்களின் குடலைப் பதம் பார்க்கும். டிமிக்கிக்கோ நேற்றிலிருந்து பட்டினி. இன்றும் தின்னாவிட்டால் இறக்கை எழும்பாது.

தானே முதலில் வாய்வைக்க அது என்ன முட்டாளா? முதலில் வேறொருவரைத் தின்னவைத்துப் பார்க்க, செவந்தி அக்கா என்ற இன்னொரு ஈயைத் தேடிப் போனது.

செவந்தியின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தத் தோட்டத்திலேயே பிறந்தது. செம்பைப் பிடித்துக் கட்டிப்போடும் வித்தை எல்லா ஈயின் உடம்புக்குள்ளும் ஒரு வரியாக எழுதியிருக்குமாம். அவர்கள் வீட்டில் எப்போதோ நகலெடுத்தபோது அந்த வரி தவறிப்போய் இரண்டு முறை விழுந்துவிட்டதாம். செவந்தி இதைச் சொன்ன நாளிலிருந்து டிமிக்கிக்கு அதுதான் வேடிக்கை. வாத்தியார் குரலில் இழுக்கும்: "ஒரே விடையை ரெண்டு தடவை எழுதினா ரெண்டு மடங்கா மார்க் போடுவாங்க?"

இன்று குரலில் தேன் வழிந்தது. "அக்கா, உனக்குன்னே ஒரு குலையை விட்டு வச்சிருக்கேன். நீ சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்கும்."

செவந்தி வயிறாரத் தின்றது. டிமிக்கி இலை மறைவிலிருந்து பொழுது சாயும்வரை பார்த்தது. அக்கா முன்கால்களைத் தேய்த்துக்கொண்டு பாட்டுப் பாடியதே தவிர, வேறொன்றும் ஆகவில்லை. பழம் நல்ல பழம்தான் என்று முடிவுகட்டி, டிமிக்கி குலைமேல் விழுந்தது.

பத்து வாய்கூட ஆகியிருக்காது. வயிறு முறுக்கியது. 'ஞொய்ய்' என்றொரு முனகல் வந்தது.

சத்தம் கேட்டுக் கூடிய ஈக்கள் கால்தட்டிச் சிரித்தன. டிமிக்கி வயிற்றுவலிக்காரர் யாரையோ போலக் குரல் எடுக்கிறதாம், அச்சு அசலாக இருக்கிறதாம். கிழட்டு ஈ ஒன்று இன்னொரு தடவை செய்யச் சொன்னது. டிமிக்கி செய்தது, செய்யாமல் இருக்க முடியவில்லை.

"இது யாரு குரல்டா தம்பி?" என்றது செவந்தி.

"என் குரல்தான் அக்கா. நீயும்தானே தின்னே? உனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

"முதல்ல வாயில இருக்கிறதைத் துப்பு. செம்பைக் கட்டிப்போடுற வரி எங்க வீட்டுல ரெண்டு தடவை எழுதியிருக்குன்னு சொன்னேனே. நீதான் மார்க் போட மாட்டேன்னியே."

டிமிக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. பழத்தைச் சோதிக்க அது தேடிப்பிடித்தது, அந்தத் தோட்டத்திலேயே துத்தம் ஏறாத வயிற்றை! துப்பிவிட்டு, வாத்தியார் குரலில் தனக்கே முட்டை மார்க் போட்டுக்கொண்டது.

யாரைக் கேலி செய்கிறோமோ அவருடைய பலம் நம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குருட்டுத்தனத்தின் வலியை நாமே அனுபவிக்க வேண்டியிருக்கும்.