தவசியப்பன் ஓட்டிப் பார்த்த வண்டி

தவசியப்பனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மடத்தில் மோர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருடைய குரு ஒரு பெண் துறவி. எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தவசியப்பனைவிடப் பத்து வயது சின்னவர். அந்த விஷயத்திலும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அன்று ஷோரூம் ஆள் ஜெரால்டு, ஓட்டிப் பார்ப்பதற்காகப் புது பைக் ஒன்றை மடத்து வாசலுக்கே கொண்டுவந்திருந்தார். தவசியப்பனின் மகள் பொன்மலர் மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இனி தினமும் அவளைப் பின்னால் உட்கார வைத்து அத்தனை வளைவுகளிலும் கூட்டிப் போக வேண்டும்.

"லைசென்ஸ் வச்சிருக்கேன்ப்பா. நானே ஓட்டிக்கிறேன்."

"நீயா? அந்த ரோட்டுலயா? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான். சும்மா இரு."

பிறகு குருவிடம் திரும்பினார்.

"அம்மா, புது வண்டியில எதை எதைப் பாக்கணும்?"

"ஓட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

தவசியப்பன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அழுத்தினார். செயினை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இவ்வளவு பளபளன்னு இருக்கே. எதையோ மறைக்கறாங்க."

"புது வண்டி சார். பளபளன்னுதான் இருக்கும்" என்றார் ஜெரால்டு.

தவசியப்பன் கிளம்பினார். மற்ற மூவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். சாலையில் ஒரு பஸ்ஸின் ஹாரன் நீளமாக அலறியது. பொன்மலர் "ஐயோ அப்பா!" என்று கத்திவிட்டாள்.

அவர் முகமெல்லாம் பெருமையாகத் திரும்பி வந்தார்.

"என்ஜின்ல கிர்ருனு ஒரு சத்தம். இடது கண்ணாடி ஆடுது. கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். நான் ஒண்ணையும் விடலை!"

அம்மா ஜெரால்டைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க இவர் பின்னால உட்கார்ந்து முதல் வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க."

ஜெரால்டு ஓரடி பின்வாங்கினார். "வேண்டாம்மா."

"அதானே பார்த்தேன்!" தவசியப்பன் துள்ளினார். "தன் வண்டியில தானே ஏற மாட்டேங்கறான். ஏமாத்துக்காரன்!"

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். கோச்சுக்காதீங்க. நீங்க குனிஞ்சு என்ஜினையே பார்த்துட்டு நடு ரோட்டுல வந்தீங்க. எதிர்ல வந்த பஸ் டிரைவர்தான் பஸ்ஸை ரோட்டோர மண்ணுல இறக்கி உங்களைக் காப்பாத்தினார்."

"எந்த பஸ்?"

தவசியப்பன் மகளைப் பார்த்தார். அவள் சாலையோர மண்ணில் பதிந்திருந்த பஸ் சக்கரத் தடத்தைக் காட்டினாள். அவர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குருவிடம் திரும்பினார்.

"அம்மா... இந்த வண்டியை வாங்கலாமா, வேண்டாமா?"

"வாங்குங்க. பொன்மலர் ஓட்டட்டும். நீங்க பின்னால உட்கார்ந்துக்கங்க. அங்கே இருந்து எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படுங்க."