உப்புக்குப் பக்கத்துல ஒரு பாய்

ஆப்பிரிக்கான்னு பெரிய கண்டம் இருக்குல்ல, அங்க மணலைத் தவிர ஒண்ணுமே விளையாத ஒரு ஊர்ல ஒரு உப்பு வியாபாரி. பேரு யஹ்யா. ம் சொல்லணும், சரியா?

ம்.

ஊர்க்காரங்களோட சேர்ந்து ஒட்டகத்துல உப்புப் பாளம் ஏத்திக்கிட்டு, லொடக் லொடக்னு நாப்பது நாள் நடந்து ஒரு ஆத்தங்கரைக்குப் போவான். உப்பைக் குவிச்சு வச்சு, தம் தம் தம்முனு முரசடிச்சிட்டு, எல்லாருமா ஒரு நாள் தூரம் பின்னாடி போயிடுவாங்க. அப்போ ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற காட்டுக்காரங்க வந்து உப்புக்குப் பக்கத்துல தங்கத்தூள் வச்சிட்டுப் போயிடுவாங்க. யஹ்யா திரும்பி வந்து, கட்டுப்படியானா தங்கத்தை எடுத்துப்பான். இல்லன்னா தொடமாட்டான். தொடலன்னா வேண்டாம்னு அர்த்தம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்ததே இல்ல, ஆனா ஒரு தடவகூட ஏமாத்தினது கிடையாது! அந்தத் தங்கத்தைக் குடுத்துத்தான் அந்த ஊரே தானியம் வாங்கிச் சாப்பிட்டுச்சு.

அப்புறம் இந்த யஹ்யாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. தங்கம் எங்க கிடைக்குதுன்னு தெரிஞ்சா நாமளே அள்ளிக்கலாமேன்னு, புதர்ல ஒளிஞ்சிருந்து, தங்கம் வைக்க வந்தவங்கள்ல ஒருத்தனைப் பிடிச்சுக் கட்டிட்டான். அடப்பாவி!

மொத நாள் பேரீச்சம்பழம் குடுத்து, "எங்கப்பா தங்கம்?"னு கேட்டான். பேசல. ரெண்டாம் நாள் பால் குடுத்தான். தொடல. மூணாம் நாள் கெஞ்சினான். அவன் வாயே திறக்கல. நாலாம் நாள் விடியறப்போ செத்துக் கிடந்தான்.

செத்தேபோயிட்டானா அத்தே?

ஆமாடி. குடுத்த எதையும் அவன் வாயில வைக்கலல்ல.

அடுத்த வருஷம் முரசடிச்சாங்க, யாரும் வரல. அதுக்கடுத்த வருஷம் உப்பு மழையில கரைஞ்சு ஓடிச்சு. ஊர்ல குழந்தைங்கள்லாம் பசியில அழுதுச்சு. மூணாம் வருஷம் முரசடிச்சிட்டுப் போய்த் திரும்பி வந்து பாத்தா, உப்புக்குப் பக்கத்துல தங்கம் இல்ல. ஒரு பாய் விரிச்சிருக்கு, அதுமேல ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தண்ணி.

எதுக்கு?

எங்க ஆளை இதுல கொண்டாந்து உக்கார வைன்னு. அவன் உசுரோட இருக்கான்னு மூணு வருஷமா நம்பிக்கிட்டு இருந்திருக்காங்க! "என்னடா வைப்பே இப்போ?"ன்னு ஊர்க்காரங்க கேட்டாங்க. யஹ்யா என்ன செஞ்சான் தெரியுமா? முரசடிச்சான், தம் தம் தம். செத்தவனுக்குப் பதிலா அந்தப் பாய் ஓரமா அவனே உக்காந்து கண்ணை மூடிக்கிட்டான். மத்தவங்க பின்னாடி போயிட்டாங்க.

மறுநாள் வந்து பாத்தா, பாயைக் காணோம், குடுக்கையைக் காணோம். உப்பு வச்சபடியே இருக்கு. யஹ்யாவும் வச்சபடியே உக்காந்திருக்கான்.

அவனைத் தொடவே இல்லையா?

தொடவே இல்லடி. தொடலன்னா என்ன அர்த்தம்னு சொன்னேன்ல?

அவ்ளோதான், கதை ஆத்தங்கரையிலயே நின்னுபோச்சு. நீ கண்ணை மூடு.