சிவலோகனின் புதுச் சைக்கிள்

விடை சொல்ல விருப்பமுள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள். சும்மா கேட்பவர்களும் இருக்கலாம், குற்றமில்லை.

பாரிஸில் ஒருவன் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். ஊர் சாவகச்சேரி. பெயரைக் கேட்காதீர்கள், அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அகதி வழக்கு முடியாததால் அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. விசா உள்ள சிவலோகன் என்பவர் சாப்பாட்டுக் கம்பனியில் தன் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரை அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். உழைப்பில் பாதி அவருக்கு. மழையில் நனைவது முழுக்க இவனுக்கு.

நாலாம் மாடியில் தனியே இருந்த வயதான பிரெஞ்சு மதாம் ஒருவருக்கு அவன் அடிக்கடி சூப் கொண்டுபோவான். அவருக்குக் கண் மங்கல், கை நடுக்கம். அதனால் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் மேசையில் வைத்துவிட்டு வருவான். "நன்றி, சிவலோகன்" என்பார் மதாம். அநேக நாட்களில் அவனோடு யாரும் பேசிய பேச்சு அவ்வளவுதான். அதுவும் இன்னொருவன் பெயருக்கு.

ஒருநாள் கதவைத் திறந்துவிட்ட மதாம் உள்ளே திரும்பி நடக்கையில் மயங்கி விழுந்தார். அவன் அம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை அவர் கையைப் பிடித்தபடி இருந்தான். வந்தவர்கள் பெயர் கேட்டார்கள். "சிவலோகன்" என்றான்.

மதாம் பிழைத்தார். கம்பனி, சிவலோகனுக்கு ஒரு மின்சாரச் சைக்கிள் பரிசு என்றது. மதாம் வீட்டில் வைத்தே கொடுக்க ஏற்பாடு.

"நான் போகாட்டி அவங்களுக்கு விளங்கிடும். பிறகு உனக்கும் வேலையில்லை" என்றார் சிவலோகன்.

"போங்கோ அண்ணை. மதாம் சுகமா இருக்கிறாவோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ" என்றவன், கீழே தெருவில் நின்றுகொண்டான்.

சிவலோகன் புதுச் சப்பாத்து டக் டக்கென்று ஒலிக்க வீட்டுக்குள் நடந்தார். கம்பனிக்காரர் கேட்டார்: "மதாம், உங்களைக் காப்பாற்றியவர் இவர்தானே?"

மதாம் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "இவரேதான்" என்றார்.

இப்போது சொல்லுங்கள். மதாம் ஏமாந்தாரா, தெரிந்தே பொய் சொன்னாரா? பரிசை வாங்கியவர், விட்டுக்கொடுத்தவன், சாட்சி சொன்னவர், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மதாம் ஏமாறவில்லை. அவர் அறிந்தவன் ஒருநாளும் சப்பாத்தோடு உள்ளே வந்ததில்லை. தன் பரிசை வாங்க வேறொருவரை அனுப்புகிறவன் வெளியே முகம் காட்ட முடியாதவன் என்பதும் அவருக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் சிவலோகன் இழப்பது ஒரு சைக்கிள், அவன் இழப்பது பிழைப்பு. ஆகவே பொய் சொன்ன மதாமே சரி. அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை, அவனை விட்டுவிடுவோம். சிவலோகன் அந்தச் சைக்கிளை அவனுக்கே வாடகைக்குக் கொடுத்தார், அவரைப் பற்றி அதற்கு மேல் பேச்சு வேண்டாம். அன்று மாலையே மதாம் சூப் சொல்லி அனுப்பினார். வாசலில் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "உங்கள் சொந்தப் பெயர் என்ன?" என்று கேட்டார். அவன் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டான். பிறகு சொன்னான்: "தவரூபன்."