பேசாத கிளியும் நாலு குஞ்சுகளும்

கிளி வளர்த்து விற்கும் இருளாயியின் குடிசைக்கு ஒருநாள் ஜமீன்தாரே நேரில் வந்துவிட்டார்.

"போன வருஷம் நீ கொடுத்த கிளி ஊமை. இந்த நாலு குஞ்சுல பேசப்போறது எது? இப்பவே காட்டு. அதுவும் ஊமையாப் போச்சுன்னா நீ ஊரைக் காலி பண்ணணும்!" என்று அதட்டினார்.

கூடையில் இருந்ததோ இறகுகூட முளைக்காத குஞ்சுகள். எது பேசும் என்று யாரால் சொல்ல முடியும்? "மீனாட்சித் தாயே!" என்று கும்பிட்டுக்கொண்டாள் இருளாயி.

"சாமி, முதல்ல அந்தப் பழைய கிளியை நான் பார்க்கணும்."

ஜமீன்தார் ஆள் அனுப்ப, அரண்மனைச் சமையல்காரர் கோட்டைச்சாமி கிளிக்கூண்டோடு வந்தார். கிளி வாயே திறக்கவில்லை.

"பார்த்தியா?" என்றார் ஜமீன்தார்.

"சாமி மட்டும் கொஞ்சம் வெளியே போய்க் கதவுக்குப் பின்னால நிக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். கிளி தலையைச் சாய்த்து அங்குமிங்கும் பார்த்தது. பிறகு அசல் கோட்டைச்சாமியின் குரலிலேயே கேட்டது: "போயாச்சா? பெரியவரு போயாச்சா? அப்பாடா!"

கோட்டைச்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. ஜமீன்தார் உள்ளே வந்தார். கிளி கப்பென்று வாயை மூடிக்கொண்டது.

"கிளி ஊமையில்லை சாமி. அரண்மனையில எல்லாரும் எப்படியோ, அதுவும் அப்படித்தான்," என்றாள் இருளாயி பணிவாக.

ஜமீன்தார் கூடைப் பக்கம் குனிந்தார். ஒரு குஞ்சு கீச்கீச்சென்று கத்திக்கொண்டே அவர் விரலைக் கவ்வியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் நிக்கும்போதே இந்தச் சத்தமா! இறகு முளைச்சதும் இதையே கொடு தாயி."

இருளாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோட்டைச்சாமிக்கும்தான்.