கல் ஆறும் வரை

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்பது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு வெள்ளைத் தாடி, ஆலமரம் என்று கற்பனை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். ஜப்பானில் கோபே நகரத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிங்கப்பூரில் ஒரு தெப்பான்யாக்கி உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருக்கிறார். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். நம் தோசைக்கல்லைக் கட்டில் அளவுக்கு இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். கல்லைச் சுற்றி ஆறு நாற்காலி. விருந்தாளியின் கண்ணெதிரே கறி வேகும், கண்ணெதிரே துண்டாகும், அப்படியே தட்டுக்கு வரும். கறி என்றால் மாட்டுக்கறி. அதிலும் சும்மா மாடு இல்லை. சிவப்புக்குள் வெள்ளைக் கொழுப்பு கோலம் போட்ட மாதிரி ஓடும் ஜப்பான் மாடு. வாயில் வைத்தால் வெண்ணெய்க்கே வெட்கம் வந்துவிடும்.

சீடர் இஸ்ரவேல், வேலூர்ப் பக்கம். முப்பது வருடம் கல்யாண மண்டபங்களில் பிரியாணி மாஸ்டராக இருந்தவர். ஆயிரம் பேருக்கு அசராமல் அண்டா வைப்பார். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, சாவதற்குள் புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டே தீருவேன் என்று கிளம்பி வந்துவிட்டார். வந்த இடத்தில் மூன்று வருடமாகப் பூண்டு சீவுகிறார், கல் தேய்க்கிறார். கல்லுக்கு முன்னால் ஒருநாள்கூட நின்றதில்லை.

வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவார்.

"மாஸ்டர், எனக்கு எப்பக் கல்லு குடுப்பீங்க?"

"விருந்தாளிய ரசிக்க வைக்கத் தெரியட்டும், அன்னைக்கே."

"அது எப்படின்னுதான் சொல்லுங்களேன்."

"பூண்டு கருகுது பாருங்கண்ணே."

அவ்வளவுதான் உபதேசம்.

இப்படியே இன்னும் பத்து வருடம்கூட ஓட்டியிருப்பார் மனிதர். ஆனால் அடுத்த மாதத்தோடு அவருடைய வேலை அனுமதி முடிகிறது. கல்லில் நிற்கிறவர் என்றால் முதலாளி புதுப்பித்துக் கொடுப்பார். பூண்டு சீவ யார் கிடைக்க மாட்டார்கள்? ஊருக்குத் திரும்பினாலோ, அவர் இடத்தில் இப்போது அவருடைய மச்சான் மாஸ்டர். மச்சானுக்குக் கீழே அண்டா கழுவுவதை இஸ்ரவேலால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஒரு புதன்கிழமை. மதியக் கூட்டம் ஒன்றரைக்கெல்லாம் எழுந்து போய்விட்டது. பரிசாகக் கிடைத்த விருந்துச் சீட்டோடு ஒரே ஒருவர் மட்டும் வரவேண்டியிருந்தது. ஜெசிந்தா தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி இஸ்ரவேலிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்க நில்லுங்கண்ணே. நான் பின்னால இருக்கேன்."

இஸ்ரவேல் தொப்பியை முதலில் முன்பின்னாக மாட்டிக்கொண்டார். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னூறு பேர் கூடுதலாக வந்து இறங்கியபோதுகூடத் தடுமாறாத மனிதர்.

வந்தவர் பெயர் சவரிராயன். அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் இதே ஊரில் பஸ் ஓட்டியவர். போன வாரம்தான் ஓய்வு பெற்றார். டிப்போ நண்பர்கள் சேர்ந்து, ஒரு வேளையாவது ராஜா மாதிரி சாப்பிடட்டும் என்று இந்த விருந்தை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

இஸ்ரவேல் ஒன்றையும் விடவில்லை. பலகையில் பச்சைக் கறியை எடுத்துவந்து காட்டினார். அந்த மாடு எந்த ஊரில் பிறந்தது, என்ன தின்றது, அதன் பதிவு எண் என்ன என்று ஒப்பித்தார். பூண்டுச் சீவலை மாட்டுக் கொழுப்பில் பொன்னிறமாகப் பொரித்து ஒதுக்கினார். கறியைக் கல்லில் வைத்தார். சொய்ங் என்ற சத்தமும் மணமும் சேர்ந்து எழுந்தன. இரு பக்கமும் திருப்பி, விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டே துண்டு தட்டில் வைத்தார். முறை அதுதான். இரண்டு துண்டு தின்று முடித்து, நாக்கு அடங்கிய பிறகுதான் அடுத்த இரண்டு வரவேண்டும். இப்படி ஒன்றரை மணி நேரம்.

சவரிராயன் இரண்டையும் ஒரே வாயில் போட்டார். லபக். முடிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி."

இஸ்ரவேல் அடுத்த இரண்டு துண்டை வைத்துவிட்டு, பணிவாகச் சொன்னார்: "அண்ணே, இத மெல்லக் கூடாது. நாக்குல வெச்சுட்டுச் சும்மா இருங்க. அதுவே கரையும்."

சவரிராயன் அப்படியே செய்தார். மாதா கோயிலில் முதல் நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கும் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் இருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"கரையுதா?"

தலையை ஆட்டினார்.

"முதல்ல இனிப்பு தெரியும். அப்புறம் ஒரு உப்பு. கடைசியா, வறுத்த கடலை மாதிரி ஒரு வாசன. தெரியுதா?"

மறுபடி தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்டவர் போல இஸ்ரவேலைப் பார்த்தார். கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

"தம்பி, இன்னும் எத்தனை வாட்டி வரும்?"

இஸ்ரவேல் பதில் சொல்வதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க."

ஜெசிந்தா. இஸ்ரவேல் கத்தியைக் கொடுத்துவிட்டு விலகினார். போச்சு, எல்லாம் போச்சு என்று மனது அடித்துக்கொண்டது. மச்சானுடைய முகம் சிரித்தபடி கண்முன் வந்து நின்றது.

ஜெசிந்தா கறியைத் தொடவில்லை. முதலில் கேட்டார்: "ஐயா, டியூட்டியில சாப்பிட எத்தன நிமிஷம் குடுப்பாங்க?"

"டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவுல ஏழு நிமிஷம் கிடைக்கும்மா. அதுல ரெண்டு நிமிஷம் பாத்ரூமுக்கு." சவரிராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுலயும் அப்படியே பழகிப்போச்சு. என் வீட்டுக்காரி, நீங்க திங்கிறீங்களா இல்ல பெட்ரோல் போடுறீங்களான்னு கேப்பா."

ஜெசிந்தாவும் சிரித்தார். மீதிக் கறி மொத்தத்தையும் ஒரே வீச்சில் கல்லில் போட்டார். திருப்பினார், வெட்டினார். இறங்கிய கொழுப்பில் முளைப்பயறையும் சோற்றையும் போட்டுப் புரட்டினார். ஒரு பெரிய தட்டில் சோறு, அதன்மேல் கறி, அதன்மேல் பொரித்த பூண்டு. சாப்பிட வைத்திருந்த ஜப்பான் குச்சிகளை எடுத்துவிட்டு ஒரு தேக்கரண்டியை வைத்தார்.

"சாப்பிடுங்கய்யா."

பார்க்க வேண்டுமே! தலை குனிந்தது, நிமிரவே இல்லை. ஜப்பானில் எத்தனையோ பேர் பார்த்துப் பார்த்து வளர்த்த மாடு மூன்று நிமிடத்தில் காலி. கடைசிப் பருக்கை வரை வழித்துவிட்டு, நிம்மதியாக ஒரு ஏப்பம் விட்டார் சவரிராயன். வாயைத் துடைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அப்ப வரேம்மா."

"எங்க ஐயா கெளம்பிட்டீங்க?" என்றார் ஜெசிந்தா.

சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"தெரியலையேம்மா" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. ஜெசிந்தா ஒரு கோப்பைத் தேநீரை அவர் இடத்துக்கு முன்னால் வைத்தார். சவரிராயன் உட்கார்ந்தார். இந்த முறை நுனியில் இல்லை. முதுகு சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

எதிரே கண்ணாடிச் சன்னல். கீழே பேருந்து நிலையம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து, நின்று, போய்க்கொண்டிருந்தது. சவரிராயன் தேநீரை ஒரு மிடறு குடித்தார். ஒரு பஸ் போவதைப் பார்த்தார். இன்னொரு மிடறு.

இருவரும் பின்னால் சமையலறைக்குள் போனதும் இஸ்ரவேலுக்குத் தாங்கவில்லை.

"மாஸ்டர், நீங்க பண்ணுனது நியாயமா? ஒன்றரை மணி நேர விருந்து. மூணே நிமிஷம்! அந்தக் கறிய அந்த வேகத்துல முழுங்குனா என்னத்தத் தெரியும்? அவரு என்னத்த ரசிச்சாரு?"

ஜெசிந்தா திரைச்சீலையை லேசாக விலக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எந்திரிக்கலயேண்ணே."

இது ஒரு பதிலா? இஸ்ரவேலுக்குக் கோபம்தான் வந்தது. கேட்டதற்கு நேராக ஒரு பதில் சொன்னால் இந்தம்மாவுக்குக் குறைந்தா போய்விடும்? மூன்று வருடம் விழலுக்கு இறைத்த நீர் என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார்.

மணி மூன்று. மதிய உணவு மூடும் நேரம். கல்லைச் சூடு இருக்கும்போதே சுரண்டிவிட வேண்டும். சூட்டோடு சுரண்டினால் பத்து நிமிட வேலை. ஆறிவிட்டால் கொழுப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் தேய்க்க வேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். கோபம் எல்லாவற்றையும் கையில் திரட்டிக்கொண்டு வெளியே வந்த இஸ்ரவேல் இரும்புச் சுரண்டியை எடுத்தார். கல்லில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

கரகரவென்று சத்தம் எழுந்தது.

சவரிராயன் விசுக்கென்று எழுந்து நின்றுவிட்டார். கோப்பையில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

"மன்னிச்சுக்குங்க தம்பி, மன்னிச்சுக்குங்க. மூடுற நேரம் போல. நான் ஒருத்தன், நேரம் தெரியாம உக்காந்துட்டேன்."

கையில் சுரண்டியோடு இஸ்ரவேல் அவரையே பார்த்தார். முப்பது வருடம் கல்யாண மண்டபத்தில் தான் கத்திய கத்தல் காதில் கேட்டது. எலைய எடு! எலைய எடு! அடுத்த பந்தி! நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற ஆட்கள், பாயசத்தை வாயில் வைத்தபடியே எழுந்து ஓடுகிற பெரியவர்கள். ஒரு முகம்கூட இப்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"இல்லண்ணே" என்றார். "இது சும்மா, பழக்க தோஷம். கை சும்மா இருக்காதுல்ல. நீங்க உக்காருங்க."

"மூடலையா?"

"யாரு மூடுனா? உக்காருங்கண்ணே."

சுரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். தேநீரை மாற்றிச் சூடாக ஊற்றினார். மீந்திருந்த பூண்டுச் சீவலை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்தார். இதை எப்படித் தின்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சவரிராயன் சன்னலைப் பார்த்தபடி ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டார். வெகு நேரம் கழித்து இன்னொன்று.

"தம்பி, அந்தப் பச்சை பஸ்ஸப் பாருங்க. என்னோட ரூட்டு அது. ரெண்டு நிமிஷம் லேட்டு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பத்தொரு வருஷத்துல நான் லேட்டா எடுத்ததே இல்ல. இப்பப் பாருங்க, என்ன அநியாயம். எனக்கென்ன வந்துச்சு? போகட்டும்."

"போகட்டும்ணே" என்றார் இஸ்ரவேல்.

ஒரு கட்டத்தில் சவரிராயன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணிக்கட்டு வேர்த்ததோ என்னவோ. கல் ஆறியது. கொழுப்பு வெள்ளையாகத் திரண்டு இறுகியது. இஸ்ரவேல் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி தேநீர் ஊற்றினார்.

நாலரை மணிக்குச் சவரிராயன் தானாகவே எழுந்தார். இஸ்ரவேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் நான் சாப்பிட்டதே இல்ல தம்பி" என்றார்.

அவர் போன பிறகு இஸ்ரவேல் வெந்நீரும் துணியும் சுரண்டியும் எடுத்துவந்து கல்லோடு மல்லுக்கு நின்றார். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. பாதிக் கல்கூட ஆகவில்லை. ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றார். இஸ்ரவேல் தலையைத் தூக்கவில்லை.

"நான் தோத்துட்டேன்ல மாஸ்டர்?"

"கறியிலயா?"

"ஆமா."

"ஆமாண்ணே, கறியில தோத்துட்டீங்க."

இஸ்ரவேல் தலையாட்டினார். கண் கலங்கியது. அதை மறைத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு பாருங்க" என்றார் ஜெசிந்தா. "நல்லாத் தேய்ங்கண்ணே. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ஆறு பேர் வர்றாங்க. உங்க கல்லு."